சொட்டு அண்ணனும் இரண்டாம் நம்பர் டவரும்

சிங்கப்பூரில் எல்லாரும் தண்ணீரைக் குடிக்கிறார்கள். தண்ணீரைச் சந்தேகப்படுகிறவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் பெயர் சொட்டு அண்ணன். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும், நான் கேட்டதில்லை. துவாஸில் எங்கள் தொழிற்சாலை வாசலில் இருக்கும் காவலாளி வருகைப் பதிவேட்டில் ‘சொட்டு’ என்றுதான் எழுதுவார். பெயர் என்ற கட்டத்திலும் சொட்டு, வந்த காரணம் என்ற கட்டத்திலும் சொட்டு.

நாங்கள் பரோட்டா செய்து, உறைய வைத்து, பாக்கெட்டில் விற்கிறவர்கள். சனிக்கிழமை காலையில் நீங்கள் தூக்கக் கலக்கத்தோடு தோசைக்கல்லில் போடுவது எங்கள் பரோட்டாவாக இருக்கலாம். நான் அங்கே ஆப்பரேஷன்ஸ் எக்ஸிகியூட்டிவ். அதாவது எது நின்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் நான் ஒருத்தி இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது.

பரோட்டாவை உறைய வைக்கிற ஃப்ரீஸர் அதிலிருந்து எடுத்த சூட்டை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். அதற்குக் கண்டென்சர் என்று ஒரு பெரிய இரும்பு உருளை உண்டு. அதற்குள் வரிசை வரிசையாகச் செம்புக் குழாய்கள். அவற்றில் ஓடும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறும். அங்கே நிற்கும் கூலிங் டவரில் மழையாகக் கொட்டி, காற்றில் ஆறி, மறுபடி கீழே இறங்கும். எங்களிடம் கண்டென்சர் இரண்டு, டவரும் இரண்டு. கேட்க எளிதாகத்தான் இருக்கும். சிக்கல் எங்கே என்பதைச் சொட்டு அண்ணன் முதல் சந்திப்பிலேயே எனக்கு விளக்கினார்.

“ரசத்தை அடுப்புல வெச்சுட்டு ஃபோன் பேசப் போயிட்டீங்க. என்ன ஆகும்?”

“சுண்டிடும்.”

“சுண்டினா?”

“உப்புக் கரிக்கும்.”

“அதான்மா கூலிங் டவர். தண்ணி ஆவியாப் போயிடும். உப்பு எங்கேயும் போகாது. குழாய்க்குள்ள போய் உக்காந்துக்கும். உக்காந்துச்சுன்னா லேசுல எந்திரிக்காது லா.”

அப்படி உட்கார்ந்துவிடும் உப்புக்குத் தொழிலில் ஸ்கேல் என்று பெயர். குழாயின் உள்சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி படியும். படிந்தால் சூடு அதைத் தாண்டாது. ஃப்ரீஸர் திணறும், கரன்ட்டை விழுங்கும், ஒருநாள் நின்றேவிடும். அன்றைய பரோட்டா முழுவதும் மாவாகத் திரும்பிவிடும். அப்படி நடக்காமல் இருக்க டவர் தண்ணீரில் மருந்து கலக்க வேண்டும், உப்பேறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாக்கடைக்கு விட்டுப் புதுத் தண்ணீர் சேர்க்க வேண்டும். இதைக் கவனிப்பதுதான் அண்ணனின் வேலை. மருந்து விற்கும் ஒரு சின்னக் கம்பெனி அவரைப் புதன்கிழமைதோறும் எங்களிடம் அனுப்பியது.

பெயர்க் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். டவர் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து ஒரு தூளைப் போடுவார். தண்ணீர் சிவந்துவிடும். பிறகு இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வாய்விட்டு எண்ணுவார். எத்தனையாவது சொட்டில் சிவப்பு நீலமாகிறதோ, அதை வைத்துத் தண்ணீரில் எவ்வளவு சுண்ணாம்பு என்று சொல்லிவிடலாம். எண்ணும்போது வாயில் வேறு சொல் வந்துவிட்டால் குடுவையைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். இதற்கெல்லாம் பேட்டரியில் ஓடும் மீட்டர் வந்து எவ்வளவோ காலமாகிறது. அவர் பையிலேயே ஒன்று இருந்தது. மீட்டர் சொன்னது சரிதானா என்று பார்க்கத்தான் அவர் சொட்டு எண்ணினார்.

ஒருமுறை எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தார். மொட்டைமாடியில் குடுவையும் கையுமாகக் குந்தியிருந்த அண்ணனைப் பார்த்து, “இங்க எத்தனை வருஷமா வர்றீங்க?” என்று மரியாதையாகக் கேட்டார்.

“பதினாலு,” என்றார் அண்ணன், நிமிராமல்.

“ஓ! பிள்ளைங்க எத்தனை?”

“பதினஞ்சு.”

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் டவரைப் பார்த்தேன்.

“பதினாறு,” என்றார் அண்ணன்.

வாடிக்கையாளர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கீழே இறங்கும்போது மட்டும், எங்கள் ஊழியர்களுக்குக் குடும்ப விடுப்பு ஒழுங்காகத் தருகிறோமா என்று விசாரித்தார்.

மழை பெய்தால் அண்ணனைக் கையில் பிடிக்க முடியாது. குடுவையை வானத்துக்கு நீட்டி மழைநீரைப் பிடித்து, தூளைப் போடுவார். ஒரு சொட்டு விடும் முன்பே நீலமாக நிற்கும். “பார்த்தீங்களா? ஒண்ணுமே இல்லை! சுத்தம்!” என்று கீழே இறங்கி வந்து பேக்கிங் பிரிவுப் பெண்கள் வரை எல்லாரிடமும் காட்டுவார். முதல் தடவை எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். நாற்பதாவது தடவையும் ஆச்சரியப்பட்டார்கள், ஏனென்றால் ஆச்சரியப்படாதவர்களை அவர் விடமாட்டார்.

அவருடைய சந்தேகம் துவாஸோடு நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நான் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தேன். டீ போடும் இடத்தில் பழக்கமான குரல் கேட்டது.

“தம்பி, அந்த பாய்லர் மூடியைக் கொஞ்சம் திறங்களேன்.”

“எதுக்குண்ணே?”

“சும்மாதான். பார்த்துட்டுப் போயிடறேன்.”

சட்டைப்பையில் பேனா, கையில் டார்ச், சும்மா பார்க்க வந்தேன் என்கிற பேச்சு. டீக்காரர் இவரை அரசாங்க அதிகாரி என்றே முடிவு செய்துவிட்டார். முதலாளி உள்ளேயிருந்து ஓடி வந்து ஒரு தட்டில் மூன்று வடை வைத்தார். அண்ணன் வடையைத் திரும்பியும் பார்க்காமல் பாய்லருக்குள் டார்ச் அடித்து, துக்க வீட்டில் நிற்கிற மாதிரி தலையை ஆட்டினார். ஒரு டிஷ்யூ பேப்பரில் எந்தப் பொடியை எவ்வளவு தண்ணீரில் கரைத்து எத்தனை மணி நேரம் ஊற வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பயந்துபோன முதலாளி மறுநாளே பாய்லரைச் சுத்தம் செய்திருக்கிறார். டீயின் பழைய ருசி போய்விட்டது என்று நாலு வாடிக்கையாளர்கள் சண்டை பிடித்தார்களாம்.

இதைவிடப் பெரிய கதை அவர் அக்கா மகளுக்குச் சம்பந்தம் பேசப் போனது. மாப்பிள்ளை வீடு புக்கிட் பாஞ்சாங்கில். தாய்மாமன் என்ற முறையில் அண்ணனைத்தான் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் படிப்பு, வேலை எதையும் இவர் கேட்கவில்லை. “தண்ணி குடிச்சுட்டு வர்றேன்,” என்று சமையலறைக்குள் போய், கெட்டிலின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, “நல்ல குடும்பம். எங்களுக்குச் சம்மதம்,” என்று சொல்லிவிட்டார். பெண்ணே அப்போதுதான் மாப்பிள்ளையை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்திருக்கிறாள்.

கல்யாணம் முடிந்த பிறகுதான் அந்தக் கெட்டில், சம்பந்தம் பேசப் போன அன்று காலையில் வாங்கியது என்று தெரிந்தது. “பையன் தங்கமானவன்மா,” என்பார் அண்ணன் இன்றைக்கும். “ஆனா அவங்க அம்மா என்னைய ஏமாத்திட்டாங்க.”

இப்படிப்பட்டவரின் வாழ்க்கையில் ஒரு காந்தம் வந்தது.

எங்கள் முதலாளி தேக்காவில் ஒரே ஒரு பரோட்டாக் கல்லோடு தொடங்கியவர். உழைப்பாளி, நல்லவர். புதிதாக ஒரு சாதனத்தைப் பார்த்துவிட்டால் மட்டும் சின்னப் பிள்ளையாகிவிடுவார். ஏதோ கண்காட்சிக்குப் போய் வந்தவர், கூடவே கோட் போட்ட ஒருவரையும் அழைத்து வந்தார். அவர் மேசைமேல் வைத்தது இரண்டு பளபளப்பான இரும்புக் கட்டிகள். குழாயின் வெளியே கவ்விப் பிடிக்க வேண்டியது, ஒரு நீல விளக்கு எரியும், அவ்வளவுதான். ஸ்கேலைத் தடுக்க மருந்தே வேண்டாம்.

“தண்ணி இந்தக் காந்தத்தைத் தாண்டும்போது உப்போட குணமே மாறிடும் பாஸ்,” என்றார் காந்தக்காரர். “அதுக்கப்புறம் உப்பு ஒட்டணும்னு நினைச்சாலும் ஒட்ட முடியாது.”

“உப்பு நினைக்காதுங்க,” என்றார் மூலையில் உட்கார்ந்திருந்த சொட்டு அண்ணன்.

விவாதம் ஒரு மணி நேரம் நடந்தது. முதலாளி கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார். மூன்று மாதம் ட்ரையல். ஒன்றாம் நம்பர் டவருக்கு அண்ணனின் மருந்து, இரண்டாம் நம்பர் டவருக்குக் காந்தம் மட்டும். வாராவாரம் இரண்டு தண்ணீரையும் அண்ணனே சோதித்து எழுத வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் இரண்டு கண்டென்சரையும் எல்லார் முன்னிலையிலும் திறப்பது. காந்தத்தின் குழாய் அடைத்திருந்தால் காந்தக்காரர் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கட்டியைக் கழற்றிக்கொண்டு போகலாம். அடைக்கவில்லை என்றால் மருந்துக்கு வேலையில்லை, அண்ணன் வரவேண்டியதில்லை.

அன்றைக்கு டீ குடிக்கும்போது அண்ணன் என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். எங்கள் இடம் கைவிட்டுப் போனால் அவரை வெளி வேலையிலிருந்து எடுத்து, மருந்து டிரம்களை அடுக்கும் கிடங்கில் உட்கார வைத்துவிடுவதாக அவர் மேலதிகாரி சொல்லியிருந்தாராம்.

“நல்லதுதானேண்ணே? ஏர்கான்ல உக்காந்திருக்கலாம். இந்த வயசுல ஏணி ஏற வேண்டாம்.”

“அங்க தண்ணியே கிடையாதும்மா,” என்றார்.

முதல் இரண்டு வாரம் இரண்டு டவரிலும் இருபத்திரண்டு சொட்டு. மூன்றாவது வாரம் ஒன்றாம் நம்பரில் இருபத்திரண்டு, இரண்டாம் நம்பரில் பத்தொன்பது. நான்காவது வாரம் பதினாறு. காந்தக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. “பாருங்க பாஸ், தண்ணியில உப்பே குறையுது!” என்று முதலாளியிடம் ஓடினார். முதலாளி அண்ணனை மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்.

“என்னாங்க சொட்டு, நீங்க எண்ணின கணக்குதானே? குறையுதே!”

“பாஸ், தண்ணி ஆவியாகிட்டேதான் இருக்கு. அப்ப உப்பு குறையவே கூடாது. குறையுதுன்னா, அது எங்க போச்சு?”

“காந்தம் சாப்ட்டுருச்சு.”

“காந்தம் சாப்பிடாது பாஸ். தண்ணியில இல்லைன்னா குழாய்லதான் இருக்கு.”

எனக்கு அது உடனே புரிந்தது. காணாமல் போன ஆறு சொட்டும் செம்புக் குழாயில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. முதலாளிக்குப் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள விருப்பமில்லை. “சரி, திறக்கிற அன்னிக்குத் தெரிஞ்சிடப் போவுது,” என்று மீட்டிங்கை முடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் அண்ணனுக்கு நான் ஆறுதல் சொன்னேன். ஆறுதல்கூட இல்லை, வாழ்த்து. “அண்ணே, இனிமே உங்களுக்கு என்ன கவலை? ரெண்டு மாசம் சும்மா இருங்க. அந்தக் குழாய் தானா அடைச்சுக்கும். திறக்கிற அன்னிக்கு நீங்க ஜெயிச்சுடுவீங்க.”

“சும்மாவா?” என்றார். டீயைக்கூடக் குடிக்கவில்லை.

ஐந்தாவது வாரம் இரண்டாம் நம்பர் டவரில் பதினேழு. ஆறாவது வாரம் இருபது. ஏழாவது வாரம் இருபத்திரண்டைத் தொட்டுவிட்டது. காந்தக்காரர் அதற்கும் ஓடி வந்தார். “காந்தம் இப்ப நல்லா செட்டில் ஆயிடுச்சு பாஸ். உப்பு குழாய்ல ஒட்டாம தண்ணியிலேயே மிதக்குது!” இறங்கினாலும் காந்தம், ஏறினாலும் காந்தம். நல்ல வியாபாரம் என்று நினைத்துக்கொண்டேன். அதே நாட்களில் காவலாளியின் பதிவேட்டில் சொட்டு வாரத்துக்கு மூன்று முறை வந்துபோயிருந்தார். ட்ரையலில் அவ்வளவு அக்கறை போலும் என்று நாங்கள் நினைத்தோம்.

ஏழாவது வாரப் புதன்கிழமை, பதினொரு மணி இருக்கும், அண்ணனிடம் ஒரு கையெழுத்து வாங்க மொட்டைமாடிக்கு ஏறினேன். ஒன்றாம் நம்பர் டவர் பக்கம் ஆளில்லை. இரண்டாம் நம்பர் டவருக்குப் பின்னாலிருந்து முனகல் கேட்டது.

“கொஞ்சம் பொறுத்துக்க. அவ்வளவுதான். முடிஞ்சுது.”

எட்டிப் பார்த்தேன். எங்கள் கேன்டீனிலிருந்து இரண்டு வாரமாகக் காணாமல் போயிருந்த நீல ஜக் அவர் கையில் இருந்தது. அதில் நிறைய மருந்து. இரண்டாம் நம்பர் டவரின் தொட்டியில் சன்னமாக ஊற்றிக்கொண்டிருந்தார். அழுக்குத் தண்ணீரை வெளியே விடும் வால்வையும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திறந்து வைத்திருந்தார்.

“அண்ணே! இது ரெண்டாம் நம்பர்!”

“சத்தம் போடாதீங்கம்மா.”

“உங்க டவர் அந்தப் பக்கம்!”

“தெரியும்மா. எனக்குத் தெரியாதா?”

“நீங்க இதுல ஊத்தினா காந்தம் ஜெயிச்சிடும்ணே!”

“ஜெயிக்கட்டும்.” ஜக்கை உதறி, கடைசித் துளியையும் உள்ளே விட்டார். “நானும் அந்த ஆளும் பாஸும் பந்தயம் கட்டினோம். குழாய் கட்டுச்சா? புதன்கிழமை வந்து பதினாறுன்னு எண்ணி எழுதிட்டு, பேனாவை மூடிப் பையில போட்டுட்டு நான் வீட்டுக்குப் போகணும். ஈசூன் வீடு வரைக்கும் எம்ஆர்டி ரயில்ல அதே நினைப்பு. ரெண்டு வாரம் சோறு இறங்கலைம்மா.”

“அப்ப கிடங்குல போய் உக்காரப் போறீங்களா?”

இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். அந்த மொட்டைமாடியில் சத்தியம் செய்வதற்கு வேறு புனிதமான பொருள் எதுவும் அகப்படாததால் நான் பரோட்டாமேல் சத்தியம் செய்தேன். செய்துவிட்டுக் கீழே இறங்கும்போது எனக்கு அவர்மேல் நல்ல கோபம். ஜெயிக்க வேண்டிய மனிதர் தன் கையாலேயே மருந்து ஊற்றித் தன் வேலைக்கே உலை வைத்துக்கொண்டிருக்கிறார், நான் அதற்கு வாயை மூடிக்கொண்டு சாட்சி.

கண்டென்சர் திறக்கும் நாள் அண்ணனுக்கு எப்போதுமே விசேஷ நாள். முழுக்கைச் சட்டையைத் தேய்த்துப் போட்டு, டை கட்டி வருவார். அன்றைக்கும் அப்படித்தான் வந்தார். காந்தக்காரர் படம் எடுக்க ஓர் ஆளைக் கூட்டி வந்திருந்தார். முதலாளி தன் ஃபோனையே தயாராக வைத்திருந்தார். டெக்னீஷியன்கள் போல்ட்டுகளைக் கழற்றி மூடிகளை இறக்கினார்கள்.

ஒன்றாம் நம்பர் குழாய்கள் புதுக் காசு போலப் பளபளத்தன. யாருக்கும் ஆச்சரியமில்லை. இரண்டாம் நம்பரும் அதேபோலப் பளபளத்தது. காந்தக்காரர் கைதட்டினார். தான் விற்ற சாமான் வேலை செய்ததில் அங்கே அதிகம் வியந்தவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றியது.

சொட்டு அண்ணன் டார்ச்சை வாங்கிக்கொண்டு இரண்டாம் நம்பர் குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் விபூதி அளவுக்கு வெள்ளை. அதைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். “இது அந்த ரெண்டு வாரத்துல படிஞ்சது. பரவாயில்லை, கெட்டியாகலை.” அவர் முகத்தில் தோற்றவரின் களையே இல்லை.

முதலாளி தொண்டையைச் செருமினார். “ரெண்டும் சுத்தம். அப்ப மருந்து எதுக்கு? சொட்டு, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த மாசத்திலேர்ந்து ரெண்டு டவரும் காந்தம்தான்.”

“சரிங்க பாஸ்.” அண்ணன் டையைத் தளர்த்தினார். பையை எடுத்தார். எடுத்தவர் மறுபடி கீழே வைத்தார். “பாஸ், ஒரே ஒரு விஷயம். நான் போயிடறேன். ஆனா மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க. வேற எந்தக் கம்பெனிக்கு வேணும்னாலும் குடுங்க. யாராச்சும் வந்து போடட்டும்.”

காந்தக்காரர் சிரித்தார். “கண்ணால பார்த்தும் நம்ப மாட்டேங்கிறார் பாருங்க பாஸ்.”

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. பரோட்டாமேல் செய்த சத்தியம் அத்தோடு முடிந்தது. ஜக், வால்வு, வாரத்துக்கு மூன்று நாள், குழாய் பந்தயம் கட்டியதா என்ற கேள்வி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். எல்லாரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்க ஊத்துனீங்களா?” என்றார் முதலாளி.

“ஆமா பாஸ்.”

“ட்ரையல்ல சீட்டிங் பண்ணியிருக்கீங்க.”

“ஆமா பாஸ்.”

முதலாளி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நாப்பது வருஷமா யாவாரம் பண்றேன். ஜெயிக்கறதுக்கு ஏமாத்துற ஆளை நிறையப் பார்த்திருக்கேன். தோக்கறதுக்கு ஏமாத்துன மொத ஆளு நீங்கதான்யா.”

காந்தக்காரர் விடுவதாக இல்லை. “அப்ப இந்த ட்ரையல் செல்லாது பாஸ். மறுபடி மூணு மாசம் பண்ணலாம்.”

முதலாளி அவரைப் பார்த்தார், திறந்து கிடந்த கண்டென்சரைப் பார்த்தார், பிறகு சொட்டு அண்ணனைப் பார்த்தார். “மறுபடி வெச்சா, மறுபடியும் ஊத்துவீங்களா?”

இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அண்ணன் உண்மையாகவே யோசித்தார். “ஊத்துவேன் பாஸ்.”

“இந்த ஆளை வெச்சுக்கிட்டு ட்ரையலே நடத்த முடியாது,” என்று எழுந்தார் முதலாளி. “ரெண்டு டவரையும் இவரே பார்க்கட்டும். போல்ட்டை முடுக்குங்க.”

காந்தம் இன்றைக்கும் குழாயைக் கவ்விக்கொண்டு இருக்கிறது. வாங்கிய சாமானைத் தூக்கிப்போட முதலாளிக்கு மனம் வராது. நீல விளக்கும் எரிகிறது. வருகிற விருந்தாளிகள் அது என்ன என்று கேட்பார்கள், முதலாளி பெருமையாக விளக்குவார்.

அண்ணனின் வேலை தப்பியது. நான்தான் அவரிடம் தப்பவில்லை. அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது, “சத்தியம் பண்ணீங்க,” என்றார். அவ்வளவுதான். அடுத்த புதன்கிழமை அவர் கம்பெனியிலிருந்து வேறோர் ஆள் வந்தார். அண்ணனே கேட்டு வேறு தொழிற்சாலைக்கு மாற்றிக்கொண்டாராம்.

வந்தவர் நல்ல ஆள். மீட்டரைத் தண்ணீரில் விட்டு, எண்ணை எழுதி, மருந்தைச் சரிபார்த்து, பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார். யாரையும் எதற்கும் ஆச்சரியப்படச் சொல்லவில்லை. ஐந்து வாரம் அப்படிப் போனது. எண்கள் எல்லாம் சரி. ஒருநாள் நல்ல மழை பெய்தது. பேக்கிங் பிரிவில் ஒரு பெண் இரண்டு முறை படிக்கட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வேலையில் குனிந்தாள். அன்று மத்தியானம் நான் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன்.

“அண்ணே, புதன்கிழமை நீங்களே வாங்கண்ணே.”

“ஏன், நம்பர் தப்பா வருதா?”

“சரியாத்தான் வருது.”

“மருந்து இறங்குதா?”

“இறங்குது.”

“அப்புறம் என்ன?”

என்னவென்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. “நீங்க இல்லாம இங்க நல்லா இல்லைண்ணே,” என்றேன்.

“சத்தியம்னா சத்தியம்தான்மா.”

“தப்புதாண்ணே. ஆனா மறுபடி அதே மாதிரி ஆச்சுன்னா, மறுபடியும் சொல்லத்தான் செய்வேன்.”

அவர் சிரித்தாரா, இருமினாரா என்று தெரியவில்லை. ஃபோனை வைத்துவிட்டார்.

அந்தப் புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் குடுவைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தொழிற்சாலை வாசலில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்து, “என்னம்மா, இவ்வளவு சீக்கிரம்?” என்று கேட்டார். டெலிவரி லாரி வருகிறது, அதற்காக நிற்கிறேன் என்றேன். ஏழு மணியிலிருந்தே அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தேன், அன்றைக்கு எந்த லாரியும் வருவதாக இல்லை.